எண்ணிக்கைக் கேள்வி

"டாக்டரம்மாவுக்கு மூணு காதல் கடிதம் வந்திருக்கு. என் பிரிண்டர்ல, என் மையில," என்று சொல்லிக்கொண்டே மருந்துக்கடை ஸாரன் பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்து மூன்று தாள்களை மேசையில் போட்டார்.

டாக்டர் மார்தேஸ் கௌக்கி அப்போது ஒரு கிழவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தாள். மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டுத் தாள்களை எட்டிப் பார்த்தவள், விடச் சொல்ல மறந்துபோனாள். கிழவர் முகம் சிவக்கும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே விட்டார்.

எங்கள் மால்ட்டா தீவில் எம்.பி. வேலை என்பது மாலை நேர வேலை. காலையில் ஒருவர் வக்கீலாக இருப்பார், ஒருவர் பல் பிடுங்குவார், ஒருவர் கட்டடத்துக்கு வரைபடம் போடுவார். மார்தேஸ் காலையெல்லாம் ஹால் புரூனா என்ற ஊரில் ஸாரனின் மருந்துக்கடைப் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பாள். திங்கள், செவ்வாய், புதன் மாலைகளில் காரை எடுத்துக்கொண்டு தலைநகர் வலெட்டாவுக்குப் போய், எதிர்க்கட்சி வரிசையின் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். எட்டு கிலோமீட்டர் போக, நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் திட்டாத அமைச்சர் கிடையாது.

இந்தக் கூட்டத்தொடரில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் எழுத்து மூலம் கேட்டிருந்தாள். அதில் இருநூற்றுச் சொச்சத்துக்கு வந்த பதில் ஒரே வரி: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, பின்னொரு அமர்வில் அவையின் முன் வைக்கப்படும். இவர்கள் இத்தனை வருடமாகத் திரட்டிவரும் தகவலையெல்லாம் கொட்டினால் துறைமுகத்தையே தூர்த்துவிடலாம் என்று ஒருமுறை அவையிலேயே சொல்லி, சபாநாயகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கிழவரை அனுப்பிவிட்டுத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குக் காது சூடேறியது.

கேள்வி 3106, நீதி அமைச்சருக்கு: சாந்த ரொக்கு தெருவில் வீடு இடிந்து ஒருவர் இறந்தது குறித்த நீதிபதி விசாரணை ஆறு ஆண்டுகளாகியும் முடியாதது ஏன்? பதில்: சாட்சிகள் நாட்டில் இருப்பதைப் பொறுத்தே விசாரணை நகரும். சாட்சிகளின் நிலை பற்றி உள்துறை அமைச்சர் 3107-க்கு அளித்த பதிலைக் காண்க.

3107, உள்துறை அமைச்சருக்கு: அந்த விசாரணையின் வெளிநாட்டுச் சாட்சிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படுவது ஏன்? பதில்: நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்கு அதற்கு மேல் வழங்க இயலாது. முகவரி பற்றி வீட்டுவசதி அமைச்சர் 3108-க்கு அளித்த பதிலைக் காண்க.

3108, வீட்டுவசதி அமைச்சருக்கு: வீடு இழந்தவர்களை 'மூன்று மாதத்துக்கு' என்று பழைய பெண்கள் பள்ளிக்கூடத்தில் குடிவைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுக்கு வீடு எப்போது? பதில்: விசாரணை முடிந்தபின் பரிசீலிக்கப்படும். விசாரணை பற்றி நீதி அமைச்சர் 3106-க்கு அளித்த பதிலைக் காண்க.

"பாத்தீங்களா ஸாரன்? மூணு பேரும் கைகோத்துக்கிட்டுக் கும்மி அடிக்கிறாங்க!"

"நல்லா ஒத்துமையா இருக்காங்கன்னு சொல்லுங்க," என்றார் ஸாரன். அவர் பரம்பரை ஆளுங்கட்சி. அவர் குடும்பத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே கட்சி முடிவாகிவிடும். இருபது வருடமாக எதிர்க்கட்சிக்காரிக்குப் பின்னறையை விட்டிருக்கிறார், தேர்தலுக்குத் தேர்தல் அவளுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறார், இரண்டிலும் அவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. "நான் நாலு வருஷமாச் சொல்றேன். வீட்டுவசதி அமைச்சர் ஆபீஸ்ல உங்க சித்தி பையன் உக்காந்திருக்கான். ஒரு போன் போடுங்க. ரெனால்ட் அரை நாள்ல முடிச்சுக் குடுத்துடுவான். என் மச்சானுக்குப் படகு நிறுத்த இடம் அவன்தானே வாங்கிக் குடுத்தான்?"

"படகு நிறுத்துறது சலுகை. ஒரு மனுஷன் எப்படிச் செத்தான்னு கேக்குறது சலுகையா? அதை நான் சித்தி பையன்கிட்ட கெஞ்சி வாங்கணுமா?"

"கெஞ்ச வேண்டாம். கேளுங்க."

"அதைத்தான் அவையில கேக்குறேன்."

"அங்க கேட்டா கும்மிதான் அடிப்பாங்க," என்று சொல்லிவிட்டு, பனாடோல் மாத்திரை கேட்டு யாரோ மணி அடிக்க, அவர் முன்னறைக்குப் போய்விட்டார்.

அன்று நண்பகலில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது, அஃபுவே வந்தாள். ஐவரி கோஸ்ட்காரி, நாற்பதை ஒட்டிய வயது, முதியோர் இல்லத்துச் சீருடை. பதினோரு வருடமாக இந்தத் தீவில் கிழவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்துக் கொண்டிருக்கிறாள். அவள் பேசும் மால்ட்டீஸ் மொழியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துறைமுகத்துப் பக்கத்துப் பெண்பிள்ளை என்றுதான் நினைக்கத் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வருவதாகப் பெயர். உண்மையில் அவள் வருவது ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பதற்காக.

"பதில் வந்துச்சா டாக்டர்?"

ஆறு வருடத்துக்கு முன் அவளும் தம்பி குவாதியோவும் சாந்த ரொக்கு தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தார்கள். பக்கத்து மனையில் ஆறு மாடிக் குடியிருப்புக்காக, கார் நிறுத்தும் அறைகளுக்கென்று பாறையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டதை அஃபுவே பார்த்தாள். இறங்கிப் போய் மேஸ்திரியிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் காண்டிராக்டரிடமே சொன்னாள். "ஒண்ணும் ஆகாது, போ," என்றான் அவன். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, பேக்கரியில் இரவு முழுக்க மாவு பிசைந்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த குவாதியோவின் மேல் வீடு விழுந்தது.

அந்த வீட்டில் குடியிருந்த மற்றவர்களோடு அவளையும் பழைய பள்ளிக்கூடத்தில் குடிவைத்தார்கள். விசாரணை தொடங்கியது. நீதிபதி ஒருவர் அவள் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார், பிறகு பதவி உயர்ந்து போனார். அடுத்து வந்தவர் முதலில் இருந்து எழுதிக்கொண்டு ஓய்வு பெற்றார். மூன்றாமவர் இன்னும் கூப்பிடவே இல்லை. ஆறு மாடிக் குடியிருப்பு மட்டும் கட்டி முடிந்து, பால்கனிகளில் துணி காய்கிறது. அஃபுவே தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கப் போகிறாள்.

மார்தேஸ் மூன்று தாள்களையும் காட்டி, அம்புக்குறி போட்டு விளக்கினாள். அஃபுவே பொறுமையாகக் கேட்டாள். ஆறு வருடத்தில் அவளுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று மார்தேஸுக்கு விளங்கவே இல்லை. தனக்கு அது ஒரு துளியும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சரி டாக்டர். அப்போ திரும்பக் கேளுங்க. தம்பி விஷயத்தை மட்டும் கேளுங்க. அறிக்கை எழுதியாச்சா, யார் மேல தப்புன்னு போட்டிருக்கு, அவ்வளவுதான்."

"அது மட்டும் கேட்டா மறுபடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கை காட்டுவாங்க. இந்தத் தடவை வேற மாதிரி கேக்கப்போறேன். எண்ணிக்கை கேக்கப்போறேன். ஏன், எப்போன்னு கேட்டா நழுவுவாங்க. எத்தனைன்னு கேட்டா நழுவ முடியாது. ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆகணும். அரசாங்கக் கட்டடத்துல 'தற்காலிகமா' அஞ்சு வருஷத்துக்கு மேல எத்தனை பேர் இருக்காங்க? விசாரணை முடியாததால எத்தனை பேரோட அனுமதி தொங்குது?"

அஃபுவேயின் முகம் மாறியது. "பள்ளிக்கூடத்துல நாங்க பத்தொன்பது பேர் இருக்கோம். எங்களை எண்ண விடாதீங்க டாக்டர்."

"எதுக்கு? எண்ணினாத்தானே நீங்க இருக்கீங்கன்னு தெரியும்?"

"தெரியாம இருக்குறதாலதான் இருக்கோம்."

"நீ பயப்படுறதாலதான் அவங்க ஆட்டம் போடுறாங்க அஃபுவே. நான் பாத்துக்கறேன், விடு."

அஃபுவே சட்டைக் கையை ஏற்றி இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினாள். நூற்று அறுபதுக்கு மேல் இருந்தது. உப்பைக் குறை என்றாள் டாக்டர்.

அன்று மதியமே மார்தேஸ் மூன்று புதிய கேள்விகளை எழுதினாள். முதலாவது அஃபுவே கேட்டது. மற்ற இரண்டும் எண்ணிக்கை. போனமுறை போல ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளக் கூடாதே என்று, மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, ஒரே நாளில், வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று மனு போட்டாள். அப்படிக் கட்டிக் கொடுக்க அவை விதியில் இடம் இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்வி கேட்டவளுக்குத்தான் அது தெரியும். சபாநாயகர் அலுவலகம் ஏற்றுக்கொண்டு, அதற்கடுத்த திங்கள்கிழமை நாலு மணி என்று நாள் குறித்தது.

மார்தேஸ் அந்த வாரம் முழுக்க உற்சாகமாக இருந்தாள். ஸாரனிடம்கூடச் சிரித்துப் பேசினாள். மாட்டினார்கள் என்று நினைத்தாள். இப்போது நினைத்தால் அவளுக்கே தன் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

திங்கள்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸாரன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கிண்டல் முகம் இல்லை.

"டாக்டரம்மா, பழைய பள்ளிக்கூடத்து வாசல்ல பெரிய பஸ் நிக்குது. போலீஸ் வேனும் நிக்குது. சாமானைத் தூக்கி வெளில வெக்கிறாங்க."

நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு மார்தேஸ் ஓடினாள். இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். திருவிழா வாரம் என்பதால் தேவாலயத்தின் மேல் வேட்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. வாசலில் மெத்தைகள், பிளாஸ்டிக் வாளிகள், ஒரு டிவி, பொட்டலம் பொட்டலமாகத் துணி. பஸ்ஸுக்குள் ஏற்கெனவே ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சோமாலியப் பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிழலில் அட்டைப் பலகையோடு நின்றிருந்த இளம் அதிகாரிக்கு மார்தேஸை அடையாளம் தெரிந்தது. மரியாதையாக வணக்கம் சொன்னான்.

"என்ன நடக்குது இங்க?"

"கட்டடத்தைக் காலி பண்றோம் மேடம். பதிமூணு பேர் இங்க இருக்காங்க. மீதி ஆறு பேர் வேலைக்குப் போயிருக்காங்க. மூணு மணிக்குள்ள வேலை இடத்துலயே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடுவோம்."

"கூட்டிக்கிட்டு எங்க?"

"கடலோர முகாமுக்கு. அங்க பூட்டு உண்டு மேடம், ஆனா சுத்தமா இருக்கும். ஆறு வாரம். அதுக்கப்புறம் குடியேற்றத் துறை விமானம் ஏத்துறதைப் பாத்துக்கும்."

"ஆறு வருஷமாத் தொடாதவங்களை இன்னிக்கு எதுக்குத் தொடுறீங்க?"

அந்தப் பையன் அவளை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தான். "உங்க கேள்விக்காகத்தான் மேடம். இன்னிக்கு நாலு மணிக்கு அமைச்சர் பதில் சொல்லணும்ல? 'எவருமில்லை'ன்னு டைப் பண்ணியாச்சு. அது உண்மையா இருக்கணுமே. அவையில பொய் சொல்லக்கூடாதில்லையா?"

மார்தேஸ் பஸ்ஸைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். இவர்களா? ஒரு தெருவிளக்கு மாற்றப் பதினெட்டு மாதம் எடுத்துக்கொண்டவர்களா? மூன்று துறையும் சேர்ந்து, பத்து நாளில், பஸ் பிடித்து, முகாமில் இடம் ஒதுக்கி, பட்டியல் போட்டு, வேலை இடம் வரைக்கும் ஆள் அனுப்பி... இத்தனை சுறுசுறுப்பும் இத்தனை நாள் எங்கே படுத்துக் கிடந்தது? அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் பாதி தன் மேலேயே என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடச் சுவரோரமாக ஒதுங்கி, நாலு வருடமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள்.

"மார்தேஸக்கா!" என்று ரெனால்ட் குதூகலித்தான். "உங்க குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! ஈஸ்டருக்குக்கூட அம்மா உங்களைக் கேட்டாங்க."

"டேய், பள்ளிக்கூடத்து வாசல்ல பஸ் நிக்குதுடா."

"தெரியுமே. நான்தான் ஏற்பாடு பண்ணேன். ஏசி பஸ்க்கா. இந்த வெயில்ல குழந்தைகளெல்லாம் இருக்கே."

"உனக்கு வெக்கமா இல்லை?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? அமைச்சர் ஆறு வருஷமா அந்தப் பக்கமே திரும்பலை. அப்படி ஒரு கட்டடம் இருக்குன்னே அவருக்கு மறந்துபோச்சு. நீங்க கேட்டீங்க, அவர் என்னைக் கேட்டார், நான் ஆபீஸரைக் கேட்டேன், ஆபீஸர் பத்தொன்பதுன்னார். அவையில எழுந்து பத்தொன்பதுன்னு சொல்ல முடியுமா? சொன்னா மறுநாள் பேப்பர்ல வரும். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா, சத்தமில்லாம அந்தப் பொண்ணுக்கு ஒரு ஃபிளாட்டே பாத்துக் குடுத்திருப்பேன்."

"உரிமையை எதுக்குடா போன்ல கேக்கணும்?"

"இப்ப போன்லதானே கேக்குறீங்க?"

தலைக்கு மேல் ஒரு வேட்டு வெடித்தது. மார்தேஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்ணா பஸ் திரும்பிப் போகும்? அதைச் சொல்லு."

ரெனால்ட் இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "கேள்வி இருந்தா பதில் வேணும். கேள்வியே இல்லைன்னா பதிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். நீங்க அவையில எழுந்து வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இப்பவே அமைச்சர்கிட்ட பேசி எல்லாரையும் இறக்கச் சொல்றேன். பழையபடி இருக்கட்டும். யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க."

"சரி. எண்ணிக்கைக் கேள்வி ரெண்டையும் எடுத்துடறேன். முதல் கேள்வி இருக்கட்டும். விசாரணை அறிக்கை பத்தினது."

"எப்படி இருக்கும்? மூணையும் ஒரே கட்டாக் கட்டினது யாரு? நானா? கட்டை எடுத்தா மொத்தமாத்தான்க்கா எடுக்கணும். அது உங்க சபாநாயகர் விதி, என் விதி இல்லை."

அவளுக்கு அந்த விதி அவனைவிட நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்த விதியும் தெரியும்: அவையில் வாபஸ் வாங்கிய கேள்வியை, வார்த்தையை மாற்றியும்கூட, அதே கூட்டத்தொடரில் திரும்பக் கேட்க முடியாது. கூட்டத்தொடர் என்றால் அடுத்த தேர்தல் வரைக்கும். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அஃபுவேயைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தில் போனை எடுக்க விடமாட்டார்கள். தவிர, கூப்பிட்டு என்னவென்று சொல்வது? நான் கேட்ட கேள்வியால் உன்னை விமானம் ஏற்றப்போகிறார்கள் என்றா? முதலில் பஸ்ஸைத் திருப்பி அனுப்புவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

"சரி, எடுத்துடறேன்," என்றாள்.

அரை மணி நேரத்தில் அந்த இளம் அதிகாரிக்கு போன் வந்தது. அவன் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இறங்குங்கள் என்று சைகை காட்டினான். இறங்கியவர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த சோமாலியப் பெண்தான் மார்தேஸைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று, நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாதவள் போலப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலை நாலு மணிக்கு அவை நிரம்பியிருந்தது. கட்டுக் கேள்வி என்பது அபூர்வம் என்பதால் பத்திரிகைக்காரர்கள்கூட மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மார்தேஸின் கட்சிக் கொறடா திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நீதி அமைச்சர் வழக்கமாக வெறுங்கையை வீசிக்கொண்டு வருபவர். இன்று அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. இரண்டு பக்கமும் அச்சடித்த தாள். மார்தேஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனால்ட் வாபஸ் பற்றித் தன் அமைச்சரிடம் மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும், நீதி அமைச்சருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"மாண்புமிகு உறுப்பினர் டாக்டர் கௌக்கி, தங்கள் கேள்விகள்," என்றார் சபாநாயகர்.

அவள் எழுந்தாள். அமைச்சரும் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, என் மூன்று கேள்விகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஆளுங்கட்சி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. வீட்டுவசதி அமைச்சர் உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்தார். "முந்நூறு கேள்வி கேட்ட அம்மையாருக்குக் கடைசியில் பதில்தான் வேண்டாமாம்!" என்றார். மேசைகள் தட்டப்பட்டன. கொறடா தலையில் கையை வைத்துக்கொண்டார். நீதி அமைச்சர் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிரியுங்கள் என்று நினைத்தாள் மார்தேஸ். பத்தொன்பது பேர் இன்று தங்கள் மெத்தையில் படுப்பார்கள், நீங்கள் நன்றாகச் சிரியுங்கள். திரும்பும் வழியில் முக்கால் மணி நேரமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஹால் புரூனா எல்லைக்கு வருவதற்குள் அவளுக்குத் தன் மேல் இலேசாகப் பெருமைகூட வந்துவிட்டது.

ஆறரை மணிக்கு மருந்துக்கடை வாசலில் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது. ஸாரன் கண்ணாடித் தம்ளரில் தேநீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரேடியோவில் கேட்டிருந்தார் போல. கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "உள்ள உக்காந்திருக்கா," என்று மட்டும் சொன்னார்.

அஃபுவே சீருடையோடு நோயாளி நாற்காலியில் இருந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். மார்தேஸ் கதவைச் சாத்தினாள்.

"பஸ் போயிடுச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து யாராவது சொல்லியிருப்பாங்களே? இனிமே அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. அமைச்சர் ஆபீஸ்ல வாக்கு வாங்கியிருக்கேன். நீ நிம்மதியாத் தூங்கு."

"எங்களோட இருக்குற சோமாலியாக்காரி ஹோதான் போன்ல சொன்னா. அவ கைக்குழந்தை பயந்துடுச்சாம்," என்றாள் அஃபுவே. "நல்லது டாக்டர். ரொம்ப நன்றி." பிறகு, நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "தம்பி கேள்விக்கு என்ன பதில் சொன்னாங்க?"

மார்தேஸ் தேநீரைக் கீழே வைத்தாள்.

"அதையும் எடுக்க வேண்டியதாப் போச்சு அஃபுவே. மூணும் ஒரே கட்டு."

"எடுத்துட்டீங்களா?"

"வேற வழியில்லை. எடுத்தாத்தான் பஸ் போகும்னு..."

"அவங்ககிட்ட பதில் இருந்துச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்று மார்தேஸுக்குத் தோன்றியது. பத்து நாளுக்கு முன்பாக இருந்தால் தோன்றியிருக்காது. "அமைச்சர் கையில ஒரு தாள் இருந்துச்சு. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாது."

"எப்போ திரும்பக் கேப்பீங்க?"

"தேர்தல் முடிஞ்சு. ரெண்டு வருஷம் ஆகும்."

அஃபுவே தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சோப்பும் வெந்நீரும் பட்டுப் பட்டு ஊறிப்போன கைகள். அவள் கத்தியிருந்தால் மார்தேஸுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். கத்துகிறவர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து நான் இங்க இருக்கலை டாக்டர்," என்றாள் அஃபுவே நிதானமாக. "எங்க ஊர் அபிஜான்ல எனக்கு வீடு இருக்கு. அம்மா இருக்காங்க. போன்னு சொன்னா நாளைக்கே போவேன். தம்பியை யார் கொன்னாங்கன்னு ஒரு தாள்ல எழுதி, ஒரு முத்திரை குத்திக் குடுத்தா, அதை எடுத்துக்கிட்டு அம்மாகிட்ட போகலாம்னுதான் ஆறு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துத் தரையில படுத்தேன்."

"அங்க குழந்தைங்க இருந்தாங்க அஃபுவே. பத்தொன்பது பேர்..."

"தெரியும். ஹோதான் குழந்தைக்கு நான்தான் பேர் வெச்சேன். எடுத்துடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்." அவள் எழுந்து தோள்பையை மாட்டிக்கொண்டாள். "ஆனா அது என் தம்பியோட கேள்வி. எடுக்கறதா வேண்டாமான்னு நீங்க என்னைத்தான் கேட்டிருக்கணும். அவங்களை முந்நூறு கேட்டீங்களே டாக்டர், என்னை ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?"

வெட்கத்தில் மார்தேஸுக்குக் கழுத்துவரை சூடாகியது, இந்த முறை திட்டுவதற்கு எந்த அமைச்சரும் அகப்படவில்லை. அஃபுவே கதவைத் திறந்துகொண்டு, முன்னறையில் ஸாரனுக்குத் தலையசைத்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.